கொம்புக்கு அடித்து மீந்த பெயிண்ட்

எனக்குப் பிரசவ வலி கண்ட காலையில் எங்கள் கிராமமான பெருநகரிலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ் அப்போதுதான் போயிருந்தது. மூன்று மாதம் முன்பு வாங்கிய பழைய ஜீப்பில் கணவர் என்னை ஏற்றினார். அப்புறம்தான் இடப்பக்கப் பின்சக்கரம் பஞ்சர் என்று தெரிந்தது.

வலியில் என்னால் இறங்க முடியவில்லை. சக்கரத்தைக் கழற்ற அவர் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஏறி மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் ஜீப் குலுங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நட்டு அசையவேயில்லை, அதன் முனைகள்தான் மழுங்கின.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு டிராக்டர் டிரைவர், அடுத்த நட்டின் நீலப் பெயிண்டை ஆணியால் சுரண்டினார். ‘எல்’ என்ற இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது.

“இன்னாண்ணா, லெப்டு சக்கரத்துக்கு மரை மாறிக் கீது. நீ கயட்டல, முறுக்கிக்கினு கீற!”

“எயுத்த மூடி பெயிண்ட் அடிச்சவன் எவன்டா?” என்று கணவர் கத்தினார்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புகளுக்கு அடித்து மீந்ததை ஜீப்புக்கும் பூசி அழகு பார்த்தது நான்தான். அந்த ஒரு நிமிடம் நான் கத்தவில்லை.

எதிர்ப்பக்கம் சுற்றியதும் நான்கு நட்டுகள் கழன்றன. மழுங்கியதை டிரைவர் உளி வைத்துத் தட்டித் தட்டியே எடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த கால்மணி நேரத்தில் மகள் பிறந்தாள்.

இப்போதெல்லாம் மீந்த பெயிண்டை அன்றே குப்பைமேட்டில் கொட்டிவிடுகிறேன். பூசியது யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது. இந்த இதழ் வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பவர் அவர்தான். அன்று குலுக்கிய குலுக்கலுக்கு, இப்படியே தெரிந்துகொள்ளட்டும்.