படியில எத்தனை தடவை நின்னீங்க?

எங்க அண்ணியைக் காலனியில 'தலையெண்ணி அம்மா'ன்னுதான் சொல்வாங்க. முகத்துக்கு நேரா இல்ல, முதுகுக்குப் பின்னாடி. அது அவங்களுக்கும் தெரியும். "தப்பில்லையே, அதுக்குத்தானே சம்பளம் வாங்கறேன்"னு சிரிச்சுக்குவாங்க. பல்கலைக்கழகத்துல நகரத் திட்டமிடல் துறை. ஒரு பேட்டையில ஜனம் எப்படிக் கூடுது, எப்படிக் குறையுதுன்னு பார்க்கறதுதான் அவங்க ஆராய்ச்சி. அவங்க வீட்டுக்காரர், அதாவது எங்க அண்ணன், தண்ணீர் வாரியத்துல குழாய் வரைபடம் போடறவர். நான் அண்ணனுக்குப் பன்னிரண்டு வயசு இளையவ, காலனிப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்பு டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

காலனின்னா பன்னிரண்டு கட்டடம், ஒவ்வொண்ணும் நாலு மாடி, மொத்தம் முந்நூத்தி எண்பத்தி நாலு வீடு. லிஃப்ட் கிடையாது. எல்லாருக்கும் ஒரே வாரத்துல சாவி குடுத்தாங்க. வந்தவங்க எல்லாரும் புதுசாக் கல்யாணமானவங்க. அண்ணி அப்ப ஆராய்ச்சி மாணவி. இன்னும் அஞ்சு வருஷத்துல பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டியாகணும்னு ஒரு தாளை எழுதிக் குடுத்தாங்க. அதே தாள்ல, இருபது வருஷத்துல அந்த மாடி காலியாக் கிடக்கும்னும் எழுதியிருந்தாங்க. கட்டச் சொல்றவங்களே காலியாகும்னும் சொல்றாங்களேன்னு ஊரே சிரிச்சுது. ரெண்டும் நடந்துது. என் முதல் வகுப்புல அறுபத்தி மூணு பிள்ளைங்க, மூச்சு விட இடமில்ல. இருபது வருஷம் கழிச்சு மாடியில பூட்டின கதவும் உடைஞ்ச பெஞ்சும்தான்.

காலனிக்குக் குடி வந்த முப்பத்தி ரெண்டாம் வருஷம் கல்வி ஆபீசர் ஒரு தாளோட வந்தார். பள்ளிக்கூடத்துல மொத்தமே நாப்பத்தி ஒரு பிள்ளைங்க. இடிச்சுட்டு வண்டி நிறுத்தற இடமாக்கப் போறதாச் சொன்னார். தாள்ல பிள்ளைங்க எண்ணிக்கையைக் காட்டற ஒரு கோடு சரசரன்னு கீழே இறங்கிக்கிட்டிருந்துது. அடியில பார்த்தா எங்க அண்ணி பேரு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. செருப்பைக் கூடக் கழட்டாம நாலு மாடி ஏறி, "உங்க கோடுதான் என் ஸ்கூலை இடிக்கப் போகுது, சந்தோஷமா?"ன்னு கேட்டேன். அண்ணன் பேப்பரை முகத்துக்கு முன்னாடி தூக்கிப் பிடிச்சுக்கிட்டார். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் நடுவுல வாய் திறக்கக் கூடாதுன்னு முப்பது வருஷமாக் கத்துக்கிட்டவர்.

அண்ணி தாளை வாங்கிப் பார்த்தாங்க. "பக்கத்தைப் பாதியில வெட்டிட்டாங்க. கோடு இதுக்கப்புறம் மேல ஏறும்"னாங்க.

"எங்கிருந்து ஏறும்? இங்க இருக்கறதெல்லாம் முட்டிவலிக்காரங்க."

"அதனாலதான் ஏறும்"னு உள்ளே போய் ஒரு தடித்த நோட்டை எடுத்துட்டு வந்தாங்க.

அந்த நோட்டைப் பார்த்து நான் அசந்துட்டேன். தினம் சாயங்காலம் அண்ணி ஏதாவது ஒரு கட்டடத்துப் படியில உக்காந்திருப்பாங்க. காத்து வாங்கறாங்க, வம்பு பேசறாங்கன்னு நினைச்சிருந்தேன். எட்டு வருஷமா அவங்க குறிச்சுக்கிட்டிருந்தது, யார் படி ஏறும்போது எத்தனை தடவை நிக்கறாங்கங்கறதை. பேர் இல்ல, வீட்டு எண் மட்டும். ஒரு தடவை நிக்கறவங்க அஞ்சாறு வருஷம் இருக்காங்க. ரெண்டு தடவை நின்னா மூணு வருஷம். மூணு தடவைன்னா மகன் வீட்டுக்கோ கீழ்த் தளத்துக்கோ போயிடறாங்க, இல்லேன்னா ஒரேயடியாப் போயிடறாங்க.

"லிஃப்ட் இல்லாத நாலாம் மாடிக்கு யாரு குடி வருவா? முட்டி நல்லா இருக்கறவங்க. அவங்க யாரு? புதுசாக் கல்யாணமானவங்க. அப்புறம் என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா?"

ஒரே வாரத்துல சாவி வாங்கின முந்நூத்தி எண்பத்தி நாலு குடும்பம், ஒண்ணாப் பிள்ளை பெத்து, ஒண்ணாப் பள்ளிக்கூடம் அனுப்பி, ஒண்ணா முட்டி தேய்ஞ்சு, இப்ப ஒண்ணாப் படியில நிக்குது. இத்தனை வருஷம் அதே படியில ஏறி இறங்கியிருக்கேன், எனக்கு ஒண்ணும் தெரியல. இந்த அம்மா உக்காந்த இடத்துல உக்காந்து அத்தனையும் பார்த்திருக்காங்க.

பக்கம் பக்கமாப் புரட்டினேன். சி ப்ளாக், நாலாம் மாடி, இடது. அந்த வரிசையில வருஷத்துக்கு ஒண்ணா சைபர், சைபர், சைபர், ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு. அது அவங்க வீடு. ரெண்டு தடவை நிக்கறது எங்க அண்ணன்.

"சொந்தப் புருஷனையுமா எழுதி வெச்சிருக்கீங்க? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அண்ணி முந்தானையால கண்ணாடியைத் துடைச்சாங்க, ரொம்ப நேரம் துடைச்சாங்க. அண்ணன்தான் பேப்பரை இறக்கினார்.

"அவளை ஏன் வையறே? நான்தான் எழுதச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரை எழுதிட்டு என்னை விட்டா அது என்ன கணக்கு? மூணாவது திருப்பத்துல ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கா பாரு, சும்மா சொல்லக் கூடாது, ராஜ உபசாரம்."

மறுநாள் அண்ணி ஆபீசர்கிட்ட ஒட்டின கவர் ஒண்ணைக் குடுத்தாங்க. அடுத்த ஒரு வருஷத்துல காலியாகப் போற பதினாலு வீட்டோட எண் அதுல இருக்கு, அதுவரைக்கும் கடப்பாரையைத் தூக்காதீங்கன்னு கேட்டாங்க. "ஜோசியமா?"ன்னு அவர் சிரிச்சார். ஆனாலும் கவரை வாங்கிக்கிட்டார். அந்த ஒரு வருஷமும் வெளியில லாரிச் சத்தம் கேட்டாலே ஜன்னலை எட்டிப் பார்த்துக்கிட்டுதான் பாடம் நடத்தினேன்.

வருஷம் முடிஞ்சதும் ஆபீசர் கவரைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, தானே ஒவ்வொரு வீடா ஏறிப் போய்ப் பார்த்தார். பதிமூணு வீட்டுல புது ஆளுங்க. பதினொண்ணுல இளஞ்ஜோடி, அதுல நாலு வீட்டுல தொட்டில். பதினாலாவது வீட்டுப் பெரியவர் மட்டும் பிடிவாதக்காரர், அசையல. இறங்கி வந்தவருக்கு நெத்தியெல்லாம் வியர்வை. "அம்மா, எனக்கும் ஒரு தடவை நிக்க வேண்டியிருந்துது"ன்னார்.

"அப்ப உங்களுக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் இருக்கு"ன்னாங்க அண்ணி.

இடிக்கறது தள்ளிப் போச்சு. ஆனா ஒரு நிபந்தனை. அஞ்சாவது வருஷச் சேர்க்கையில ஒண்ணாம் வகுப்புல இருபது பேராவது புதுசா சேரணும். ஒண்ணு குறைஞ்சாலும் பள்ளிக்கூடம் போயிடும். இருபத்தி ரெண்டு பேர் வருவாங்கன்னு அண்ணி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க.

அதைப் பார்க்க அண்ணன் இருக்கல. ஒரு நாள் வீட்டுக்குள்ள வந்ததும் நாற்காலியில உக்காந்து, "இன்னிக்கு மூணு, எழுதிக்கோ"ன்னாராம். அண்ணி எழுதினாங்க. அவங்க எழுதினதை எப்படித் தாங்கினாங்கன்னு எனக்கு இன்னிக்கும் தெரியல. ரெண்டு மாசத்துல ஆஸ்பத்திரியில அண்ணன் போயிட்டார். நோட்டு சொன்ன மூணாவது வருஷம்தான் அது.

அதுக்கப்புறம் அண்ணி ஏ ப்ளாக் கீழ்த் தளத்துல எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. வெளியூர்ல இருக்கற அவங்க மகன் வந்து பழைய வீட்டை யாருக்கோ குடுத்துட்டுப் போனான். யாருன்னு நாங்க கேட்டுக்கல. சி ப்ளாக் படிப் பக்கம் நாங்க ரெண்டு பேருமே போகறதில்ல.

கெடு வெச்ச வருஷம் வந்துது. சேர்க்கை அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கே ரிஜிஸ்டரை விரிச்சு வெச்சு உக்காந்துட்டேன். பத்து மணிக்கு ஒன்பது பேர். பன்னிரண்டு மணிக்குப் பத்தொன்பது. அப்புறம் வாசல்ல வரிசை நின்னுது. சாயங்காலம் மூணு மணிக்கு மேல் மாடிப் பெஞ்சு ரெண்டைத் துடைச்சுக் கீழே இறக்கினோம். இருபத்தி ஆறு.

இருபதாவதா வந்தது ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி. வீடு எங்கன்னு கேட்டேன்.

"சி ப்ளாக், நாலாவது மாடி, இடது பக்கம்."

பேனா அப்படியே நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் எனக்கு ரிஜிஸ்டரே தெரியல. பின்னாடி நின்ன அவ அம்மா, "ஏதாவது தப்பா டீச்சர்?"ன்னு பதறினாங்க. ஒண்ணுமில்லன்னு தலையாட்டிட்டு, "அவ்வளவு உசரமா? ஏறும்போது எங்கெங்க நிப்பே?"ன்னு கேட்டேன்.

அவ என்னை விநோதமாப் பார்த்தா. "எதுக்கு நிக்கணும்?"

"மூணாவது திருப்பத்துல ஸ்டூல் இருக்குமே."

"அதுல பூனை உக்காந்திருக்கும்."

வீட்டுக்குப் போய் இருபத்தி ஆறுன்னு சொன்னேன். அண்ணி மூஞ்சி சுருங்கிடுச்சு. "நாலு தப்பு"ன்னாங்க. பள்ளிக்கூடம் பிழைச்சிருக்கு, இந்த மனுஷிக்கு நாலு தப்பாம். அடக்க முடியாமச் சிரிச்சேன். அப்புறம் அந்தக் குட்டியைப் பத்திச் சொன்னேன், அவ கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

அண்ணி எழுந்து போய் நோட்டைக் கொண்டு வந்தாங்க. சி ப்ளாக், நாலாம் மாடி, இடது. கடைசியா அண்ணனுக்காக எழுதின மூணு அங்கயே இருந்துது. அதுக்குப் பக்கத்துல நிதானமா ஒரு சைபர் போட்டாங்க. போட்டுட்டு, முப்பத்தெட்டு வருஷத்துல முதல் தடவையா என் தோள்ல சாய்ஞ்சு அழுதாங்க.