இடது கால் கியர்

எழிலரசன் தங்கமான மனுஷன் என்று சொல்லப் பண்டசோழநல்லூரில் இன்றைக்கும் நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரும் அவனிடம் அடி வாங்காதவர்கள். அடி வாங்கியவர்களின் பட்டியல் கொஞ்சம் நீளம். அதில் முதல் பெயர் புவனேஸ்வரி, அவன் மனைவி.

புவனாவின் வலது கணுக்கால் உடைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரு முழுக்க ஆள் இருந்த நேரத்தில். எழிலரசன் வாசலில் குந்தி உட்கார்ந்து தன் புல்லட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். தன் புல்லட் என்பது அவன் பேச்சு. அது கல்யாணச் சீராகப் புவனாவின் அப்பா பலராமன் வாங்கிக் கொடுத்த வண்டி. ரிட்டையரான ஒரு போலீஸ்காரர் வைத்திருந்த எண்பத்து நாலாம் வருஷத்து மாடல். பலராமன் விவரமானவர். வண்டிப் புத்தகத்தை மகள் பேரில் மாற்றிய பிறகுதான் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அதற்கென்றே தனியாகவும் புவனா சில அடிகள் வாங்கியிருக்கிறாள்.

அன்று அவள் மாட்டுக்குக் கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் தாண்டினாள். வாளி தளும்பியது. பளபளவென்று தேய்த்து வைத்திருந்த சைலன்சரில் ஒரு கை தண்ணீர் சிந்தியது. அவ்வளவுதான். அவன் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. குந்தியிருந்தவனுக்கு எழுந்திருக்கச் சோம்பல். உட்கார்ந்த உயரத்துக்கு எட்டியது அவள் கால். இரண்டு முறை இறக்கினான். அவள் தரையில் உருண்டு கத்திக்கொண்டிருக்க, அவன் துணியை எடுத்து முதலில் சைலன்சரைத் துடைத்தான். பிறகுதான் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். புவனா வாயைத் திறப்பதற்குள் மாமியார் கனகாம்பாள் முந்திக்கொண்டாள். "வாய்க்கா மதவுல வழுக்கி வுழுந்துட்டா டாக்டர்." டாக்டர் புவனாவைப் பார்த்தார். புவனா ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எழிலரசனை மன்னித்தாளா இல்லையா என்பது இருக்கட்டும், அந்தத் தலையாட்டலுக்காகத் தன்னை அவள் மன்னிக்கவே இல்லை. எலும்பு கோணலாகக் கூடியது. கணுக்கால் மடங்காமல் கட்டையாக நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து எழிலரசன் சாராயக்கடையில் ஒருத்தன் மண்டையில் பாட்டிலை உடைத்தான். அந்த மண்டை பெண்டாட்டி மண்டை இல்லை என்பதால் கேஸ் ஆனது. உள்ளே போனவன் ஜாமீன் கிடைக்காமல், தண்டனையும் சேர்ந்து, மூன்று வருஷம் காலாப்பட்டு ஜெயிலில் இருந்தான்.

வீட்டில் மிஞ்சியது மாமியார், மூன்று மாடு, கீற்றுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திய புல்லட். மாடுகள் கழனியில் மோட்டார் கொட்டகைப் பக்கம் கட்டிக் கிடந்தன. அங்கிருந்து பால் சொசைட்டிக்கு இரண்டு கிலோமீட்டர். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, இரண்டு கையிலும் கேன். மடங்காத காலோடு அந்த நடை நடந்து பார்த்தால்தான் தெரியும். சைக்கிள் மிதிக்கவும் வழியில்லை. ஒரு நாள் வரப்பில் கால் பிசகி, கறந்த பால் அத்தனையும் வாய்க்காலில் போனது. புவனா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே புல்லட் நின்ற கொட்டகைக்குப் போனாள்.

முதல் அடி ஹெட்லைட்டில் விழுந்தது. கண்ணாடி சிதறி ஒரு சில்லு அவள் கன்னத்தைக் கிழித்தது. ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீயும் அடிக்கிறியா?" என்று வண்டியைக் கேட்டாள்.

கனகாம்பாள் ஓடி வந்தாள். "எம் புள்ள வண்டிடி அது! கை வெச்சே, வந்து உன்னக் கொன்னுடுவான்."

"வரட்டும் அத்த. வர்றதுக்குள்ள நான் இதக் கொன்னுட்றேன்."

ஆனால் கடப்பாரையால் அடித்துப் போட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். அவள் வயிற்றெரிச்சல் ஒரு நாளில் தீருகிற சைஸில் இல்லை. அதனால் ஸ்பேனரை எடுத்தாள். ஆமாம், அதே ஸ்பேனர்தான். தினமும் மாட்டு வேலை முடித்து வந்து ஒரு உறுப்பாகக் கழற்றினாள். சீட், டேங்க், மட்கார்டு. துரு பிடித்த நட்டு வரவில்லை என்றால் கெட்ட வார்த்தை சொல்லிச் சுத்தியலால் அடித்தாள். இரண்டு போல்ட் தலையோடு முறிந்தன. சங்கிலி நழுவி இடது கை நடுவிரல் நகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வந்தாள். கோழி அறுத்தவள் குடலையும் ஈரலையும் தனித்தனியாக வைப்பது மாதிரி, கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் பரப்பி வைத்தாள்.

ஒன்றரை மாதத்தில் எஞ்சினும் சட்டமும்தான் பாக்கி. அப்போதுதான் அந்த விபரீதத்தைக் கவனித்தாள். சாக்கில் கிடந்த எதை எடுத்தாலும், அது எங்கே உட்காரும், எந்த நட்டு அதைப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எழிலரசனுக்குக்கூடத் தெரியாது, அவனுக்குத் துடைக்க மட்டும்தான் தெரியும். புவனாவுக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கொடூரமானது. அவனுடையது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை அவள் எலும்பு எலும்பாகப் பிரித்துவிட்டாள். இனி தனக்குத் தோதாகப் பூட்டிக்கொள்வாள்.

சொசைட்டியில் எல்லோரும் ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். "ஸ்கூட்டி என்னை ஒண்ணும் பண்ணலியே," என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. இதில் விளக்க என்ன இருக்கிறது?

மூலக்குளத்தில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர் மரியதாஸ். கியர்பாக்ஸை அரிசிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்ணை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆம்பள யாரும் வரலியாம்மா?"

"வண்டி எம் பேர்ல இருக்குது அண்ணே. வேல செய்வியா, வேற பட்டறை பாக்கட்டா?"

மரியதாஸ் அதற்குமேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவள் கேட்ட வேலைதான் வில்லங்கமாக இருந்தது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கியர் போட விரலால் தூக்க வேண்டும், அமுக்க வேண்டும். மடங்காத வலது காலால் அது நடக்காது. மிதிக்க மட்டும் அந்தக் கால் மிதிக்கும். அதனால் இரண்டையும் பக்கம் மாற்றச் சொன்னாள்.

"இப்ப வர்ற வண்டிங்க எல்லாம் அப்பிடித்தான்," என்று தலையைச் சொறிந்தார். "குறுக்கால ஒரு ராடு வுட்டு மாத்தலாம். ஆனா பழைய புல்லட் ஓட்டினவனுக்கு இத குடுத்துடாத தாயி."

அவர் எதற்குச் சொன்னார் என்பது வேலை முடிந்த அன்றே தெரிந்தது. ஓட்டிப் பார்க்க மரியதாஸே ஏறினார். முப்பது வருஷம் பழைய புல்லட் ஓட்டிய கால் அது. தெருமுனையில் நாய் குறுக்கே ஓடியதும் இடது காலை ஓங்கி மிதித்தார். பிரேக் பிடிக்கவில்லை, அடுத்த கியர்தான் விழுந்தது. வண்டி பக்கத்துக் கடை சிமெண்ட் மூட்டைகளில் போய்ச் செருகியது. முட்டியில் ரத்தத்தோடு எழுந்து வந்து சிரித்தார். "மாத்தினது நானு. மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியலியே."

புவனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் காலுக்குப் பழைய பழக்கம் எதுவும் கிடையாது. ஆனால் மற்ற எல்லாத் தொல்லையும் இருந்தது. பிளக்கில் நெருப்பு விழும் நேரத்தை அவளே வைத்தாள், தப்பாக வைத்தாள். வண்டிக்கு வலது பக்கம் நின்றுகொண்டு இடது காலால் கிக்கரை உதைத்தபோது அது திருப்பி உதைத்து அவளைக் கொட்டகைத் தூணில் வீசியது. ஒரு வாரம் முழங்காலுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கரண்ட் மீட்டர் முள் நடுவில் வந்த பிறகுதான் உதைக்க வேண்டும் என்பதை அந்த அடியில் கற்றுக்கொண்டாள். கரும்புக் கழனி வண்டிப்பாதையில் நாலு முறை விழுந்தாள். ஒரு முறை வண்டி அவள் மேலேயே படுத்தது. சைலன்சர் கெண்டைக்காலில் தோலை உரித்தது. இத்தனை அடியும் வாங்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த அடி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தப்பைத் திருத்தினால் அடி நின்றுவிடும். பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த வசதி அவளுக்கு இருந்ததில்லை.

சீட்டை இறக்கினாள். பின்னால் இரண்டு பால் கேன் நிற்க இரும்பு கேரியர் வைத்தாள். எழிலரசன் அடித்திருந்த சிவப்புப் பெயிண்ட்டைச் சுரண்டிக் கறுப்பு அடித்தாள். மூன்றாம் வருஷம் முழுக்கச் சொசைட்டிக்குப் பால் புல்லட்டில்தான் போனது. தன் மாட்டுப் பாலோடு நாலு வீட்டுப் பாலையும் சேர்த்துக்கொண்டாள். வண்டி நின்றால் அத்தனையும் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

எழிலரசன் ஒரு சாயங்காலம் வந்தான், நாலு மணிக்கு, பால் நேரத்தில். ஜெயிலிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை, சாராயக்கடை வழியாக வந்தான். வாசலில் கறுப்பு புல்லட் நின்றிருந்தது. மாடுகளைக் கழனியிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கட்டிவிட்ட காலம் அது. புவனா இரண்டாவது கேனைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது? எவனக் கேட்டு எவ கை வெச்சா?"

"எம் பேர்ல இக்குற வண்டி," என்றாள் புவனா. பயம் போய்விட்டது என்று நினைத்திருந்தாள், போகவில்லை.

அவன் கேனை ஒரு உதை விட்டான். கயிறு அறுந்து இரண்டும் தெருவில் உருண்டன. பால் மண்ணில் ஓடியது. அவள் சாவியை எடுக்கப் பாய்ந்தாள். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கனகாம்பாள் கதவோரம் நின்று, "டேய், வேணாம்டா, வந்ததும் வராததுமா," என்று முனகினாள். தெருவில் எட்டு பேர் நின்றார்கள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

அவன் வண்டியில் ஏறிக் கிக்கரை உதைத்தான். அவள் நன்றாக வைத்திருந்த வண்டி, ஒரே உதையில் எடுத்தது. வலது காலால் கியரைத் தூக்கினான், எதுவும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தான். இடது பக்கம் பார்த்தான். சிரித்தான்.

"மாத்திட்டியா? நொண்டிக்குத் தோதா? இத எப்பிடி ஓட்டணும்னு எனக்குத் தெரியாதா?"

அவன் வாழ்நாளில் வேறு வண்டி ஓட்டியதில்லை. மற்றதெல்லாம் கொசு என்பான். புவனாவுக்கு மரியதாஸின் முட்டி ஞாபகம் வந்தது, சிமெண்ட் மூட்டை ஞாபகம் வந்தது.

"இந்தாங்க, பிரேக்கு வலது..."

புறங்கையால் வாயில் அறைந்தான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. "வாய மூடுடி."

மூடினாள். அவன் இடது காலால் கியரைத் தூக்கி, கிளட்சை விட்டு, மெல்லக் கிளம்பினான். தெரு முடிய இருநூறு அடி இருந்தது. அந்த இருநூறு அடியும் அவளுக்கு நேரம் இருந்தது. கத்தினால் கேட்கும் தூரம். வாயில் ரத்தத்தை வைத்துக்கொண்டு, அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். இரண்டாவது கியர். மூன்றாவது. மதகுத் திருப்பத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஹார்ன் அடித்துக்கொண்டு வெளியே வந்தது. வண்டி வேகம் குறையவில்லை. டக்கென்று அடுத்த கியர் விழும் சத்தம் அவள் காதுக்குத் துல்லியமாகக் கேட்டது. பிறகு வேறு சத்தம்.

அவன் சாகவில்லை. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, தோள்பட்டை இறங்கியிருந்தது. கரும்புக் கட்டுக்குள் செருகிக் கிடந்தவனை டிராக்டர்காரரும் தெருக்காரர்களும் இழுத்தார்கள். புவனா கட்டைக் காலோடு ஓடி வந்து முதலில் வண்டியைப் பார்த்தாள். முன் சக்கரத்து ஃபோர்க் வளைந்திருந்தது, சட்டம் தப்பித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவனைப் பார்த்தாள். அதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இல்லை.

அதே ஆஸ்பத்திரி. டாக்டர் வேறு. எழிலரசன் ஸ்டிரெச்சரில் நினைவோடு முனகிக்கொண்டிருந்தான். விபத்து கேஸ் என்பதால் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு நின்றார். டாக்டர் புவனாவின் கிழிந்த உதட்டைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னம்மா ஆச்சு? நீங்களும் வண்டியில இருந்தீங்களா?"

"ஓடியாரப்ப வழுக்கி..." என்று கனகாம்பாள் ஆரம்பித்தாள்.

"இல்ல டாக்டர்," என்றாள் புவனா. "இவன் அடிச்சான். எழுதிக்குங்க."

டாக்டர் கீழே பார்த்தார். "இந்தக் கால்?"

"அதுவும் இவன்தான். ஸ்பேனரால. அன்னைக்குப் பொய் சொல்லிட்டோம்."

கனகாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். போலீஸ்காரர் நோட்டைப் புரட்டினார். "வண்டியில எதுனா கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்ல சார். பிரேக்கு வலது பக்கம் மாத்தி இக்குது. அத சொல்ல வாயத் தொறந்தேன். அப்பதான் வாய்ல அடிச்சான்."

"அப்புறமாச்சும் கத்தியிருக்கலாமேம்மா?"

புவனா ஸ்டிரெச்சரைப் பார்த்தாள். அவன் கண் திறந்திருந்தது, கேட்டுக்கொண்டிருந்தான்.

"கத்தியிருக்கலாம். கத்தல," என்றாள். "அதையும் எழுதிக்குங்க."

போலீஸ்காரர் அதை எழுதவில்லை. அடுத்த வரிக்குப் போய், வண்டி யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார்.

"புவனேஸ்வரி," என்றாள் அவள். "அப்பா பேரு பலராமன்."