காதுகுத்துக்கு எழுதிக் கொடுத்த மன்னிப்பு

பரசுராமன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதில் ஒரகடத்தில் எவனும் குறை சொல்ல முடியாது. ஹெட்லைட் செய்கிற கம்பெனி. பதினோரு வருஷமாக அங்கேதான் வண்டி ஓட்டுகிறான். கண்ணாடிச் சாமான் அடுக்கிய பலகையை மூணாவது தட்டில் வைக்கும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்குச் சத்தம் கேட்காது. வண்டி அவன் பேச்சைக் கேட்கும். காகிதம்தான் கேட்காது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவான். இங்கிலீஷ் என்றால், பார்த்து அப்படியே வரைவான். கோலம் மாதிரி.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, முதல் ஷிஃப்ட். பத்தரை மணி இருக்கும். கடைசி ரேக்கில் ஒரு பலகையை எடுக்க வண்டியின் இரும்பு முள்ளை உள்ளே விட்டான். பக்கத்துக் குறுக்குக் கம்பி டங்கென்று கழன்று, நைட் ஷிஃப்ட்காரன் ஏற்றி வைத்திருந்த அறுபத்து நாலு ஹெட்லைட்டும் தரைக்கு வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்கும் ஆகவில்லை. ஆனால் கால் மணி நேரத்தில் அவன் கழுத்திலிருந்த ஓட்டுநர் கார்டை வாங்கி ஹெச்.ஆர். மேஜையில் வைத்துவிட்டார்கள்.

ஹெச்.ஆர். ஜாஸ்மின் வந்து மூணு வாரம்தான் ஆகிறது. ஃபைலைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“பரசுராமன், மூணு மணிக்குள்ள எக்ஸ்பிளநேஷன் லெட்டர் குடுத்துடுங்க. இது மூணாவது. மூணு சேர்ந்துட்டா கார்டு கேன்சல். அப்புறம் பேக்கிங் டேபிள்தான்.”

“மூணாவதா? மொதல் ரெண்டு இன்னா மேடம்? நான் ஒரு தப்பும் பண்லியே?”

அவள் இரண்டு தாளைத் திருப்பிக் காட்டினாள். அவன் கையெழுத்தேதான். எழுத்தெல்லாம் வரிசை பிசகாமல் நிற்கிறது. தேதியைப் பார்த்தான். ஒன்று, சாப்பாட்டு டோக்கன் தொலைந்தபோது எழுதியது. இன்னொன்று வைகாசியில் எழுதியது. வைகாசியில் என்ன? தங்கச்சி பெண்ணுக்கு வல்லக்கோட்டையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியுமா? அதற்கு ஒரு நாள் லீவு கேட்டு எழுதினது.

“இது லீவு லெட்டர் மேடம்.”

“லீவுன்னு இதுல எங்கயுமே இல்லையே. தப்பை ஒத்துக்கறேன்னுதான் எழுதியிருக்கீங்க.”

பரசுராமனுக்குத் தலை கிறுகிறுத்தது. காது குத்தியது தப்பா, மடியில் வைத்தது தப்பா?

நடந்தது இதுதான். துணி மாற்றும் அறையில், லாக்கர் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எவனோ படித்தவன் எப்போதோ எழுதி லேமினேட் பண்ணி ஒட்டிவிட்டுப் போனது. நாலே வரி இங்கிலீஷ். லேட்டா வந்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். பூட்ஸ் கிழிந்தாலும் அது. லீவுக்கும் அது. தேதியை மாற்றி, கீழே பெயரை மாற்றினால் முடிந்தது. பழைய கிளார்க் படித்துப் பார்த்ததே கிடையாது, சீல் குத்தி ஃபைலில் போட்டுவிடுவான். எதற்கு லீவு என்று வாயால் சொன்னால் போதும். அப்படியே பழகிப்போச்சு.

கேன்டீனில் திருமலை டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள்.

“அதையே இன்னொரு தபா எழுதிக் குடு மச்சான். காதுகுத்துக்கே ஒத்துக்கினாங்க, கண்ணாடி ஒடைஞ்சதுக்கா ஒத்துக்க மாட்டாங்க?”

“டேய், அது லீவு லெட்டரே இல்லியாம்டா.”

“பின்ன இன்னாவாம்?”

அதுதான் பரசுராமனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. குவாலிட்டியில் வேலை செய்கிற மாரிசெல்வி பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, லீவு நாளில் இங்கிலீஷ் கிளாஸ் போகிறவள். லாக்கரிலிருந்து பெயர்த்து வந்த தாளை அவள் முன்னால் வைத்தான்.

அவள் படித்தாள். வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். “என்னண்ணே இது? இதையா எல்லாரும் எழுதிக் குடுக்கிய?”

“படிம்மா.”

“ஐ ஆம் ரெஸ்பான்சிபிள் ஃபார் மை மிஸ்டேக். தப்பு என்னோடது, நாந்தான் பொறுப்புங்கு. ஐ ஆம் ஸாரி ஃபார் மை கேர்லெஸ்னெஸ். கவனமில்லாம இருந்துட்டேன், மன்னிச்சிருங்கங்கு. ஐ ஆம் அவேர் ஆஃப் மை டியூட்டி...”

“நில்லு. மேல ஃபார், ஃபார்னு வந்துச்சி. இங்க மட்டும் ஏன் ஆஃப்?”

“அது அப்படித்தாம்ணே. ஸாரிக்கு ஃபார், அவேருக்கு ஆஃப். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி உண்டு. மாத்திப் போட்டா தப்பு.”

“யாரு சேத்து வெச்ச ஜோடி?”

“எனக்கென்ன தெரியும்? மனப்பாடம் பண்ணச் சொன்னாவ, பண்ணுதேன். அதுக்குப் பொறத்தால யாரோடதுன்னு சொல்ல ஒண்ணு வரும். மைன்னா என்னோடது. ஹிஸ்ஸுன்னா அவரோடது.”

பரசுராமன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குப் பிடிபட்டது லாரிக் கணக்குதான். முன்னால் இன்ஜின். நடுவில் டிரெய்லர் மாட்டுகிற கொக்கி. பின்னால் யார் வண்டி என்று எழுதின பலகை. இன்ஜினுக்கு இன்ஜின் கொக்கி மாறுகிறது, அது போகட்டும். பலகையில் யார் பெயர்? மை, மை, மை. சும்மா நிற்கிற வண்டிக்கெல்லாம் இவன் பெயரை இவனே எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

“அப்போ மை எடுத்துட்டு ஹிஸ் போட்டுடலாமா?”

“யாரை அண்ணே ஹிஸ்ஸுங்கிய?”

சூப்பர்வைசர் ரகு ஞாபகத்துக்கு வந்தார். போன வாரம் அந்தக் குறுக்குக் கம்பியில், கழலாமல் பிடிக்கிற லாக் பின் இல்லை என்று அவரிடம் சொன்னது இவன்தான். அவர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார். சொன்னதோடு விடாமல், கம்பி ஏற்றிப் போகிற லாரிக்குப் பின்னால் கட்டுவார்களே, அதுபோல ஒரு சிவப்புத் துணியையும் அந்த முனையில் கட்டி வைத்தான். ஆனால் ரகு கெட்டவரா? தங்கச்சி பெண் காதுகுத்துக்கு வந்து மொய் எழுதியவர். அவர் பெயரை ஒட்டுவதா? ஒட்டாமல் விட்டால் இவன் ஓட்டுகிற வண்டி போய்விடும். ஒன்றும் விளங்கவில்லை.

ரெண்டே முக்காலுக்கு வெறுங்கையோடு ஜாஸ்மின் முன்னால் போய் நின்றான்.

“லெட்டர் எங்கே?”

“எனக்கு எழுதத் தெரியாது மேடம். இத்தினி நாளா எழுதினதும் எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொல்றேன். நீங்க எழுதுங்க. ஆனா எழுதினதைக் குவாலிட்டி மாரிசெல்வி எனக்குப் படிச்சிக் காட்டணும். அப்பதான் கையெழுத்துப் போடுவேன்.”

அவள் பேனாவையும் தாளையும் எடுத்தாள். பிறகு எழுந்தாள். “வாங்க, அந்த இடத்தைக் காட்டுங்க.”

உடைசலைப் பெருக்கியிருந்தார்கள். கழன்ற கம்பி சுவரோரம் சாய்ந்திருந்தது. முனையில் சிவப்புத் துணி அப்படியே இருந்தது. ரகுவையும் கூப்பிட்டார்கள்.

“சார், போன வாரம் உங்களாண்ட சொன்னேனா இல்லியா? துணிகூடக் கட்டினேனே.”

ரகு துணியைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. “நீ ஏதோ சொன்னே, நான் போன்ல இருந்தேன். துணியைத் தினம் பாத்துக்கினுதான் இருந்தேன் பரசு. ஆயுத பூஜைக்குத் திருஷ்டி கட்டினது, கழட்டாம கீதுன்னு நெனச்சேன்.”

ஜாஸ்மின் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். பின் நுழைகிற ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். பழைய தூசிதான் இருந்தது; ரொம்ப நாளாகவே அங்கே பின் இல்லை.

அவள் எழுதினதை மாரிசெல்வி வரி வரியாகப் படித்தாள். ரெண்டாவது வரியில் பரசுராமன் துள்ளினான்.

“ஐயய்யோ, இதுலயும் அதே ரெஸ்பான்சிபிள் ஃபார் கீதே!”

“முன்னாடி ‘நாட்’ இருக்குண்ணே. பின் மாட்டாதது என் பொறுப்பு இல்லைங்கு.”

“அவ்ளோ பெரிய வார்த்தையை அந்தத் துக்கடா தடுத்துடுமா?”

“தடுத்துரும்.”

“சாரைப் பத்தி இன்னா கீது?”

“சார்ட்ட சொன்னேன், அவுக கவனிக்கலைன்னு இருக்கு. அவ்வளவுதான்.”

ரகு தலையாட்டினார். இந்த முறை போன் பையில் இருந்தது. பரசுராமன் கையெழுத்துப் போட்டான். கார்டு கைக்கு வந்தது. பழைய இரண்டு தாளின் ஓரத்திலும் ஜாஸ்மின் ‘டோக்கன்’, ‘லீவு’ என்று தமிழில் எழுதிச் சீல் குத்தினாள்.

மறுநாள் டீ இடைவேளையில் ஹெச்.ஆர். ஜன்னலில் ஒன்பது பேர் நின்றார்கள். முன்னால் திருமலை.

“மேடம், என் ஃபைல்ல எத்தினி கீதுன்னு கொஞ்சம் பாருங்க. நான் எங்க மாமியார் சாவுக்கும் அதையேதான் குடுத்தேன்.”

பரசுராமன் வண்டியில் அந்தப் பக்கம் போனான். ஆடிக் கிருத்திகைக்கு அவனுக்கு இன்னொரு லீவு வேண்டும். என்ன எழுதுவது, எதற்கு எந்தக் கொக்கி, இன்னும் தெரியவில்லை. சட்டைப் பையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தான். ‘எனக்கு லீவு வேணும்’ என்று தமிழில்.