ஒரு சீமெந்துச் சரிவின் மீது பொறாமை

போன மாதம் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. லேசான பொறாமை இல்லை... வயிறு எரிகிற பொறாமை.

சிரிக்காதீர்கள். எனக்கு வயது அறுபத்தொன்று. அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாராவாரம் இந்தப் பத்தியில் உட்கார்ந்து உங்களுக்குப் புத்தி சொல்கிறவன். அந்தப் பிள்ளையோ சக்கர நாற்காலியில் இருக்கிறாள். தகப்பன் அடுத்தவர் வயல் வட்டையில் கூலிக்கு வேளாண்மை வெட்டுகிறவர். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

இருந்தது. சொல்கிறேன்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு பாடசாலை. பெயர் வேண்டாம். பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் இடது காலை மூன்று வயதிலேயே இளம்பிள்ளை வாதம் எடுத்துக்கொண்டது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதனால் இப்படியான அழைப்புகள் எனக்கு அடிக்கடி வரும். 'உடல் வலுக் குறைந்தும் வாழ்ந்து காட்டியவர்' என்று பதாகையில் போடுவார்கள். நானும் போவேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? பிடிக்கும்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே... விருந்தினரை வாசலில் மாலை போட்டு, பாண்ட் வாத்தியத்தோடு மண்டபம் வரை நடத்திக்கொண்டு போக வேண்டும். என் நடைக்கு அந்தப் பிள்ளைகள் ஒரே பாட்டை நாலு தரம் வாசித்தார்கள். நாலாவது தரம் டிரம் அடித்த பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

விழா தொடங்க நேரம் இருந்தது. பௌசியா டீச்சர் என்னை ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். காத்தான்குடியில் இருந்து தினமும் வந்து போகிற விஞ்ஞான ஆசிரியை. முப்பத்தைந்து வயது இருக்கலாம்... பேச்சில் அவ்வளவு வேகம்.

"இது பதினோராம் வகுப்பு சேர். பெரிய வகுப்பெல்லாம் மேல் மாடியிலதான். இத மட்டும் ரெண்டு வருசமா கீழ வெச்சிருக்கம். யதுவுக்காக."

யது என்பது யதுர்ஷிகா. பிறந்ததில் இருந்து நடக்க முடியாத பிள்ளை. பத்தாம் வகுப்புக்கு அவள் வந்த நாள், மேசை கதிரை எல்லாவற்றையும் பிள்ளைகளோடு சேர்ந்து தானே கீழே இறக்கியதாக டீச்சர் சொன்னார். வாசலில் ஒரு சீமெந்துச் சரிவு. சக்கர நாற்காலி ஏற. ஊரார் ஒருவர் வீடு கட்டி மிஞ்சிய சீமெந்தைத் தந்தாராம்.

"இப்ப ஓ.எல். சோதின எழுதிட்டா. இனி பன்னிரண்டாம் வகுப்பில ஏ.எல். இஞ்சயே விஞ்ஞானம் படிக்கப்போறா. ஆய்வுகூடம் மேல இருக்கு சேர்... அதையும் கீழ கொண்டுவாறதா முடிவெடுத்தாச்சு!"

டீச்சரின் முகம் முழுக்கச் சந்தோசம். நான் "மிச்சம் நல்லது" என்றேன். வாய்தான் சொன்னது.

உள்ளே வேறொன்று ஓடியது. எனக்குப் பத்தாம் வகுப்பு மேல் மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படிகள். கைப்பிடிச் சுவர் எனக்கு எட்டாத பக்கம். நான் படியில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறுவேன். வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கம் காலை எட்டு மணிக்கே கறுத்துவிடும். ஏறினால் பள்ளி விடும் வரை இறங்குவதில்லை. இடைவேளைக்கும் இல்லை. மலசலகூடம் கீழே இருந்ததால் தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் அப்பா அதிபரிடம் போய்க் கேட்டார். "ஏறிப் பழகட்டும், அப்பதான் வைராக்கியம் வரும்" என்றார் அதிபர். அப்பா கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஒரு வகுப்பைக் கீழே இறக்கலாம் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை? மேசை அவ்வளவு பாரமா? இவளுக்கு இறக்கினார்கள். எனக்கு இறக்கவில்லை. அவ்வளவுதான் விசயம். அந்தச் சரிவில் நின்று அதை நினைக்க நினைக்க எனக்கு எரிந்தது.

பிறகு மேடை. மைக். கைதட்டல்...

எழுதிக்கொண்டு போன உரையைச் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டேன். "எங்கள் காலத்தில் எங்களுக்காக ஒருவரும் வகுப்பைக் கீழே இறக்கவில்லை" என்று தொடங்கினேன். "நான் படியில் ஊர்ந்து ஏறினேன். தாகத்தோடு இருந்து படித்தேன். அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். சலுகைக்குப் பழகியவன் சலுகையோடு நின்றுவிடுவான். ஏறுங்கள் பிள்ளைகளே!"

மண்டபம் அதிர்ந்தது. அதிபர் எழுந்து நின்று கை தட்டினார். முன்வரிசையின் ஓரத்தில், சக்கர நாற்காலியில் இருந்த யதுவும் தட்டினாள். பௌசியா டீச்சர் மட்டும் தட்டவில்லை. களைத்துப்போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். டீச்சரிடம் இருந்து போன்.

"சேர், கோவிக்க வேணாம். ஒரு விசயம் சொல்லணும். ஆய்வுகூடத்தக் கீழ கொண்டுவாற முடிவ மாத்திட்டாங்க."

"யார்?"

"பாடசாலை அபிவிருத்திச் சங்கம். சேரே சொன்னாரே, ஏறித்தானே படிச்சாரெண்டு... ஒவ்வொருத்தரும் உங்கட பேச்சத்தான் சொல்றாங்க. மறுகா யதுவும் கலைப்பிரிவு எண்டு படிவம் நிரப்பித் தந்திட்டா. ஏன் புள்ள எண்டு கேட்டன். எனக்காக எல்லாரும் கஷ்டப்பட வேணாம் மிஸ், சேர் சொன்னது சரிதானே எண்டா."

எனக்கு முதலில் வந்தது கோபம். நான் நல்லதைத்தானே சொன்னேன்? தன்னம்பிக்கை ஊட்டுவது குற்றமா? விஞ்ஞானம் படிக்க அந்தப் பாடசாலையை விட்டால் அவள் வாவியைக் கடந்து வர வேண்டும் என்று டீச்சர் சொன்னார். அது நடக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் போனை வைத்த கையோடு என் மனைவியிடம் போய் என் பக்க நியாயத்தை எல்லாம் அடுக்கினேன்.

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அந்தப் புள்ளைக்குக் கிடைச்சதப் பாத்து உங்களுக்குப் பொறாம. அத மேடையில புத்தியெண்டு சொல்லிட்டு வந்திருக்கீங்க. வேறென்ன?"

முப்பத்திரண்டு வருடம் ஒரு வீட்டில் இருந்தால் இதுதான் பிரச்சினை. எதையும் ஒளிக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை சங்கக் கூட்டம் இருப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை படிவங்கள் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய்விடும். சனி காலை குருமண்வெளித் துறைக்குப் போய்ப் பாதை ஏறினேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர். பாதையின் ஓரத்தில் நின்று பார்த்தேன். பலகைக்கும் துறைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. நானே இரண்டு பேர் கையைப் பிடித்துத்தான் தாண்டினேன். ஒரு சக்கர நாற்காலி, ஒரு தாய், தினமும் காலை ஆறு மணிக்கு... முடியுமா?

பௌசியா டீச்சர் மறுகரையில் ஓட்டோவோடு நின்றார். முதலில் யதுவின் வீட்டுக்குப் போனோம்.

தாய் கதிரை எடுத்துப்போட்டார். யது என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"உங்கட பேச்சு நல்லா இருந்திச்சு சேர்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கலைப்பிரிவு ஏன் மகள்?" என்றேன்.

"பறவாயில்ல சேர். அதுவும் படிப்புத்தானே." கொஞ்சம் யோசித்தாள். "சேர்... நீங்க அப்பிடி ஏறிப் போய் மறுகா ஏ.எல். என்ன செஞ்சீங்க?"

"கலை."

"விஞ்ஞானம் விருப்பமில்லையா?"

வாசகர்களே, இந்தக் கேள்வியை நாற்பத்தைந்து வருடமாக ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எனக்குத் தாவரங்கள் என்றால் உயிர். ஒன்பதாம் வகுப்பில் இலைகளை ஒட்டி ஒரு கொப்பியே வைத்திருந்தேன். ஆனால் எங்கள் பாடசாலையில் உயர்தர ஆய்வுகூடம் மூன்றாவது மாடியில். வகுப்பு வேறு கட்டடத்தில். ஒரு நாளைக்கு மூன்று தரம் ஏறி இறங்க வேண்டும். முதல் நாள் படியடியில் போய் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். திரும்பி வந்து அப்பாவிடம், "எனக்குத் தமிழ் படிக்கத்தான் ஆசை" என்று சொன்னேன். அவர் சந்தோசப்பட்டார். பிறகு நானும் அதை நம்பிவிட்டேன்.

இதை அப்படியே அவளிடம் சொன்னேன். தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

யது அழவில்லை. கோபிக்கவும் இல்லை.

"அப்ப மேடையில அதையும் சொல்லியிருக்கலாமே சேர்."

எழுந்தேன். கூட்டத்துக்குப் போனோம்.

கூட்டத்தில் செயலாளர்தான் பேச்சைத் தொடங்கினார். நூறு ஏக்கர் வேளாண்மை செய்கிறவர். நல்ல மனிதர், ஆனால் சொன்ன சொல்லில் நிற்கிறவர்.

"ஒரு புள்ளைக்காக ஆய்வுகூடத்தக் கிளப்ப ஏலுமா ஐயா? நீங்களே சொன்னீங்க, ஏறணும் எண்டு."

"சொன்னேன். அரைவாசிதான் சொன்னேன். ஏறினது உண்மை. பிறகு ஏற முடியாமல் விட்டதும் உண்மை. அதை ஒளித்துவிட்டேன்."

"என்னத்துக்கு ஒளிச்சீங்க?"

"இந்தப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமை."

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். செயலாளரின் மீசைக்குள்ளும் ஏதோ அசைந்தது. நான் நிறுத்தவில்லை. எனக்கு வகுப்பைக் கீழே இறக்காததால் வைராக்கியம் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், வந்தது சிறுநீரகக் கல் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

அதிபர் தொண்டையைச் செருமினார். "கீழ அறை வேணுமே. விளையாட்டுச் சாமான் அறைய எடுத்தா சாமானெல்லாம் எங்க வைக்கிற?"

"மேல வைங்க சேர்," என்றார் சிரித்த அதே பெண். "பந்துக்குக் கால் நோகாதே."

வலயத்துக்கு எழுத வேண்டும் என்றார் அதிபர். "எழுதித் தாங்க சேர், திங்கக்கிழமை நானே கொண்டுபோறன்" என்றார் பௌசியா டீச்சர். செயலாளர், ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர் இழுக்கத் தன் வீட்டில் குழாய் கிடக்கிறது என்றார். அவ்வளவு லேசான முடிவு. ஒரு வகுப்பை இறக்க ஒரு பிற்பகல், ஆய்வுகூடத்தை இறக்க ஒரு கூட்டம். எனக்கு மட்டும் ஏன் ஒருவரும் ஒரு கூட்டம் போடவில்லை?

பார்த்தீர்களா... மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் எட்டிப் பார்க்கிறது.

யதுவின் படிவத்தைத் தாய் மாற்றிக் கொடுத்தார். உயிரியல் பிரிவு. போன வெள்ளிக்கிழமை டீச்சர் கூப்பிட்டு ஒரு எட்டுப் போய்ப் பார்த்தேன். ஆய்வுகூடத்தில் இன்னும் கிரிக்கெட் மட்டையின் எண்ணெய் மணம். யது நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தாள். மேசையின் கால்களை அவள் உயரத்துக்கு அறுத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒருவரும் முறைப்பட்டதாகத் தெரியவில்லை.

"வெங்காயத் தோல் சேர். பாக்கிறீங்களா?"

குனிந்து பார்த்தேன். செங்கல் அடுக்கியதுபோல வரிசை வரிசையாக உயிர்க்கலங்கள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு புள்ளி. அறுபத்தொரு வயதில் முதல் தரம் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. பின்னால் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். யது எனக்காகக் காத்திருந்தாள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை, இருக்கிறது... மைக்கை மட்டும் இனி அதன் கையில் கொடுப்பதாக இல்லை.