நீலத் தார்ப்பாய் காய்ந்த கூரை

எதிர்வீட்டு வெல்டா முப்பத்தோரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டியவள். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. போன புயலில் கூரை பறந்ததும், செத்துப்போன புருஷனின் மீன்பிடிப் படகை விற்றுப் புதுக் கூரை போட்டாள். அவளுக்கு வந்த கடிதத்தை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

"அடியே நெட்டி, இங்க வா! என் கூரை ஓட்டையாம். வீட்டுக் காப்பீட்ட நிறுத்துறானுங்களாம். மேலருந்து படம் புடிச்சு அனுப்பியிருக்கானுங்க பாரு!"

பார்த்தேன். கூரை நடுவில் நீலத் தார்ப்பாய். அது என்னுடையது! ஜூனில் புயல் காலம் பிறக்குமுன் புளோரிடாவில் எல்லோரும் தார்ப்பாயை அலசிக் காயவைப்போம். என் வீட்டை ஓக் மரங்கள் மூடி வெயிலே விழாததால் அவள் கூரையில் விரித்தேன். ஒரே ஒரு மத்தியானம். காப்பீட்டுக் கம்பெனி படமெடுக்க அனுப்பும் பாழாய்ப்போன விமானம் அன்றைக்கா பறக்க வேண்டும்?

"காயப்போட்டதுக்கும் ஓட்டைய மூடுனதுக்கும் வித்தியாசம் தெரியாதா இவனுங்களுக்கு?" என்று கத்தினேன்.

"கத்தாதடி. கூரை பாக்குற ஆளக் கூப்பிட்டுக் காட்டிருவோம்."

காப்பீடு போனால் வீட்டுக்கடன் கொடுத்த வங்கி, கொள்ளை விலையில் வேறொரு காப்பீட்டை அவள் தலையில் கட்டும். அவள் ஓய்வூதியத்துக்குத் தாங்காது. வீடு கைவிட்டுப் போகும்.

ஆய்வாளர் வந்து ஏறிப் பார்த்தார். "கூரை அருமைங்கம்மா. இன்னும் இருபது வருஷம் நிக்கும்." வெல்டா குளிர்ந்த தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டு கராஜில் இருந்த பழைய மின்பெட்டியைத் திறந்தவர் முகம் மாறியது.

"இது தீப்பிடிக்கிற ரகம்மா. எழுதாம விட முடியாது."

"நீங்க கூரை பாக்கத்தானே வந்தீங்க?"

"வீடு முழுக்கப் பாத்தாத்தான் கம்பெனி ஏத்துக்கும்மா."

அட கடவுளே! நாங்களே கூப்பிட்டு, நாங்களே திறந்து காட்டியிருக்கிறோம்.

பதில் வந்தது. கூரை சரி, பெட்டி சரியில்லை, ஜூன் பத்தோடு காப்பீடு முடிகிறது. பெட்டி மாற்றும் ஆள் ஆகஸ்டில்தான் வருவானாம்.

அதே தபாலில் எனக்கும் ஓர் உறை. என் காப்பீட்டை நீட்டித்துவிட்டார்கள்! என் கூரைக்குப் பத்தொன்பது வயது. மழை பெய்தால் சமையலறையில் வாளி வைக்கிறேன். அவர்கள் எடுத்த படத்தில் ஓக் இலைகளைத் தவிர ஒன்றுமில்லை.

வெல்டா என் கூரைப் படத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு கராஜுக்குள் போய், நான் மடித்து வைத்திருந்த தார்ப்பாயைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோடி. இனிமே வீடு இருக்கப்போறது உனக்குத்தான்."