கோச்சின் படுக்கைச் சுருள்

கோலார், மைசூர், சேலம் என்று பல ஊர் அணிகளைப் பார்த்துவிட்டு, 1950களில் எங்கள் ஓசூர் அணிக்கு வந்தார் அந்தக் கால்பந்து கோச். நரைத்த மீசை, வெயிலில் கறுத்த மூக்கு. எந்த நேரமும் பஸ் ஏறிவிடுபவர்போல, கட்டிய படுக்கையை மைதானத்துக்கே தூக்கிவந்து அதன்மேல் உட்காருவார். ஊர் மாறும்போது அங்குள்ள சிறந்த ஆட்டக்காரரையும் கூடவே கொண்டுபோவார் என்று கேள்விப்பட்டதும், கோல்கீப்பரான நான் டிரங்குப் பெட்டி வாங்கிவிட்டேன்.

ஒருநாள் பயிற்சியில் என் கால்களுக்கிடையே பந்து நிதானமாக உருண்டு போனது. கோச் எழுந்து வந்து, படுக்கையைக் கோலின் நடுவில் நிறுத்தினார்.

“நான் எங்க சார் நிக்கறது?”

“அதுக்குப் பின்னாடி நில்லுப்பா. தப்பி வர்ற பந்த எடுத்துப் போடு.”

ஒன்றும் தப்பி வரவில்லை.

கேள்விப்பட்டது பொய்யில்லை. அடுத்த வாரம் பஸ் ஏறியபோது, எங்கள் அணியின் சிறந்த கோல்கீப்பரைத் தோளில் சுமந்துகொண்டுதான் போனார்.