அண்ணாச்சி மூடாமல் போன திரை

என் அலமாரியில் கையகலக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் நசுங்கியது. மறுபக்கத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கிறது. வைத்தவர் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் லோடு அண்ணாச்சி. ஏழாயிரம்பண்ணை ஆலையிலிருந்து லாரிகளை அனுப்புவது அவர் பொறுப்பு. நான் சிவகாசி அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். பிளஸ் டூவோடு நின்ற படிப்பு. வேலை பார்த்துப் பார்த்துப் பழகியது.

முன்பெல்லாம் ஆலையில் மருந்துத் தூள் கம்ப்யூட்டரின் விசிறி வழியாக உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சீசன் நேரத்தில் ஒன்று செத்துப்போனால் அதிலிருந்த ஆர்டர்களும் கூடவே போகும். பிறகுதான் முதலாளி இந்தப் பெட்டிகளை வாங்கினார். இவற்றில் விசிறி கிடையாது. உள்ளே எதுவும் தங்குவதும் கிடையாது. வேலை முழுக்க சிவகாசியில் என் பக்கத்து அறை இயந்திரத்தில் நடக்கும். ஆலையில் திரை மட்டும் தெரியும். பெட்டி கெட்டால் வேறொன்றை மாட்டினால் போதும், வேலை விட்ட இடத்திலேயே நிற்கும்.

அண்ணாச்சிக்கு அது பிடிபடவேயில்லை. "அப்ப நான் எதுக்குத் தாயி பொட்டு வைக்க? இங்கன நான் வச்சிருதேன். அங்கன என் பேரைச் சொல்லி நீ ஒண்ணு வச்சிரு" என்றார் போனில். வைத்தேன். மாலையில் டிவியை அணைப்பதுபோலத் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவார். இங்கே அவர் வேலை திறந்தே கிடக்கும். யாரிடமும் அதிகம் பேசாத நான், உரிமையோடு சத்தம் போட்ட ஒரே ஆள் அவர்தான்.

"நேத்தும் மூடாமப் போயிட்டீக அண்ணாச்சி."

"முறுக்கு டப்பாவா தாயி அது, நமத்துப் போக?"

ஒரு நடுப்பகலில், லோடு ஏறுவதைப் பார்க்க இருக்கையிலிருந்து எழுந்து போனார். அப்போதுதான் வெடித்தது. பக்கத்திலிருந்த அவர் அலுவலகக் கூரையும் சரிந்தது. இடிபாட்டிலிருந்து பொறுக்கி வந்த சாக்கில் இந்தப் பெட்டி இருந்தது. அண்ணாச்சி திரும்பவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் முதலாளி என் பின்னால் வந்து நின்றார். "ஆர்டரெல்லாம் இருக்காம்மா?"

என் மேசையிலேயே அண்ணாச்சியின் திரையை வரவழைத்தேன். பள்ளிச் சீருடையில் அவர் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை மறைக்காமல் எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். காரியாபட்டிக் கடை லோடு பாதி வரியில் நின்றிருந்தது. அதன் முனையில் சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டுத் துடித்தது, அவர் தண்ணீர் குடிக்கப் போயிருப்பதுபோல.

"ஒண்ணும் போகல முதலாளி" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

"திருத்தங்கல்ல இருந்து புது ஆளு நாளைக்கு வாராரு. இதை மூடிரும்மா" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். மகளின் படத்தை அண்ணாச்சி வீட்டுக்காக எடுத்து வைத்தேன். பாதி வரியை எழுதி முடித்தேன். மூடுவதற்கு மட்டும் கை வரவில்லை. எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகுதான், தினமும் அவரைச் செய்யச் சொன்ன காரியத்தை நானே செய்தேன்.

இப்போது அந்த இயந்திரமும் சிவகாசியில் இல்லை. எங்கள் வேலையெல்லாம் எந்த ஊரில் நடக்கிறதென்று எனக்கே தெரியாது. பொட்டு வைக்கவும் இடமில்லை. அதனால் ஆயுத பூஜையன்று இந்தப் பெட்டியைத்தான் எடுத்து வைக்கிறேன். நசுங்கிய பக்கத்தில் நான் ஒரு பொட்டு வைப்பேன். அவர் வைத்ததைத் துடைப்பதில்லை.